எதை முதலில் கேட்டோமோ அதுதான் மூலப் பாடலா?

காட்பாடி ரயிலடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகன் கிளப்பிவிட்ட ஒரு கேள்வி சில வாரங்களாக என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருப்பதால் அதை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன்.

1990களின் நடுவில் வேலூரில் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, விடுதியில் என் பக்கத்து அறையில் இருந்த ஷில்லாங் நண்பன், தன் ஊரிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளிலிருந்து பொறுக்கியெடுத்து ஒரு டி.டி.கே. 90 கேசட்டில் எனக்காகப் பாடல்களைப் பதிந்து தந்தான். உறைக்குள் இருந்த அட்டையில் பாடல்களின் பெயர்களை மட்டும் நீல மையில் எழுதியிருந்தான். பாடியவர் யார், எழுதியவர் யார், எந்த ஆண்டு வந்தது என்ற விவரம் எதுவும் அதில் இல்லை; கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’, கன்ஸ் அண்ட் ரோசஸின் ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’, நிர்வாணாவின் ‘த மேன் ஹூ சோல்ட் த வேர்ல்ட்’ ஆகிய மூன்றும் அந்தக் கேசட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தன. நாடா இழுபட்டுக் குரல் குழறத் தொடங்கும்வரை அவற்றைக் கேட்டேன்.

அந்த மூன்றுமே கவர் பாடல்கள், அதாவது ஒருவர் முன்பே வெளியிட்ட பாடலை வேறொருவர் தம் பாணியில் பாடிப் பதிந்தவை என்பது பத்து ஆண்டுகள் கழித்து இணையம் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. முதல் இரண்டும் பாப் டிலன் எழுதியவை. மூன்றாவது டேவிட் போவி 1970இல் வெளியிட்ட பாடல். ஆவலோடு தேடிப்போய் டிலனின் ‘வாட்ச்டவர்’ பாடலைக் கேட்டேன். 1967இன் கடைசியில் வந்த அந்தப் பதிவு இரண்டரை நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அக்கூஸ்டிக் கிட்டார், ஹார்மோனிகா, அடங்கிய குரலில் பேசும் பேஸும் டிரம்ஸும், இவற்றைத் தவிர அதில் எதுவும் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு அப்படியே போய்விட்டதைப் போல இருந்தது எனக்கு.

இதை என் அக்கா மகனிடம் சொன்னதுதான் நான் செய்த தவறு. பொறியியல் படிக்கும் அவன், மெட்டல் என்னும் அதிரடி ராக் இசையில் ஊறியவன். “மாமா, நீங்கள் நகலைக் கேட்டு வளர்ந்தவர், அதனால்தான் அசல் உங்களுக்குச் சப்பென்று இருக்கிறது” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டான். எந்தப் பாடலானாலும் மூலத்தை முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகே கவர் பக்கம் போகவேண்டும் என்பது அவனுடைய சட்டம்.

எனக்கோ இப்போதும் கவர் பாடல்களைக் கேட்பதில்தான் இன்பம் அதிகம். இது ரசனைக் குறைவா? மூலத்தை முதலில் கேட்டவருக்கு மட்டும் கிடைக்கும் ஏதோ ஒன்றை நான் இழந்துவிட்டேனா? கவர் பாடல்களை நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதை விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

---

ஆரணி மத்தளம் எழுதியது:

ஐயா, உங்கள் அக்கா மகனை வருகிற சித்திரையில் எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா ஏதாவது ஒன்றுக்கு அனுப்பிவையுங்கள். பாரதக் கூத்தை ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பார்க்கட்டும். ‘கர்ண மோட்சம்’ என்றால் கர்ணன் சாகப்போகிறான் என்பது திரைக்கு முன்னால் பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். கதை தெரியாமல் அங்கே யாரும் வருவதில்லை. இந்த ஆண்டு எந்த ஜமா (கூத்துக் குழு) வந்திருக்கிறது, கர்ணன் வேஷம் யார் கட்டுகிறார், மனைவி பொன்னுருவி தடுக்கும் இடத்தில் அவர் விருத்தத்தை எப்படி இழுக்கிறார் என்பதற்காகத்தான் கூட்டம் விடியும்வரை கலையாமல் இருக்கிறது. இதில் எந்த ஜமா ஆடுவது அசல், எது நகல் என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கேள்வியே புரியாது.

கச்சேரி கேட்பவர்கள் ‘பாடாந்தரம்’ என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். ஒரே தியாகராஜர் கீர்த்தனையை ஒவ்வொரு குரு பரம்பரையும் ஒவ்வொரு விதமாகப் பாடுகிறது. ஒரு பரம்பரையில் உள்ள சங்கதி, அதாவது ஒரே வரியை மாற்றிப் பாடும் விதம், இன்னொன்றில் இருப்பதில்லை. இவற்றில் எதை முதலில் கேட்டோமோ அதுவே காதில் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி ஒட்டிக்கொண்டதற்காக யாரும் நம்மைக் குறை சொல்வதில்லை.

ராக் இசையிலும் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு உண்டு. ‘விஸ்கி இன் த ஜார்’ என்பது யார் எழுதியது என்று சொல்லமுடியாத பழைய அயர்லாந்து நாட்டுப்பாடல். 1960களில் டப்ளினர்ஸ் குழுவினர் அதை பேஞ்சோ என்னும் தந்தி வாத்தியத்தோடு உற்சாகமாகப் பாடினார்கள். 1972இல் தின் லிஸி குழு அதை ராக் பாடலாக்கியபோது, அதன் கிட்டார் கலைஞர் எரிக் பெல் தொடக்கத்தில் ஒரு கிட்டார் வரியைப் புதிதாகச் சேர்த்தார். நாட்டுப்பாடலில் இல்லாத வரி அது. 1998இல் மெட்டாலிகா என்ற மெட்டல் குழு அந்தப் பாடலை எடுத்தபோது, பழைய மெட்டோடு அந்தக் கிட்டார் வரியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. அந்தப் பதிவுக்கு 2000ஆம் ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது. இன்று யாராவது அந்த வரியை விட்டுவிட்டு அந்தப் பாடலை மேடையில் வாசித்தால், ‘பாட்டைக் கெடுத்துவிட்டான்’ என்பார்கள். நடுவில் வந்தவர் சேர்த்த சங்கதி பாட்டின் உடம்பாகவே ஆகிவிட்டது. மூலத்தைத்தான் முதலில் கேட்பேன் என்று உங்கள் மருமகப்பிள்ளை புறப்பட்டால், அவர் எந்தத் திண்ணையில் போய் உட்காருவார்?

---

சத்துவாச்சாரி ஆறு தந்தி எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நான் கிட்டார் வாசிப்பவன். நாங்கள் நால்வர் சேர்ந்து மாடி அறை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி செய்கிறோம். (கீழ்வீட்டு அம்மாவின் பொறுமைக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.) வாசிப்பவன் காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

ஒரு கவரைக் கேட்கும்போது, எது மாறாமல் இருக்கிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்வேன். ‘வாட்ச்டவர்’ பாடலில் மூன்றே மூன்று கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. சரணத்துக்கு ஒன்று, பல்லவிக்கு ஒன்று என்ற பிரிவே கிடையாது. டிலன் அந்தச் சுழற்சியை அப்படியே வெறுமையாக விட்டார். ஹென்ட்ரிக்ஸ் சில மாதங்களுக்குள், 1968 ஜனவரியில், அதே சுழற்சியைப் பதிவு செய்யத் தொடங்கி, அந்த வெறுமைக்குள் கிட்டாரைக் குடிவைத்தார். நடுவில் வரும் நீண்ட கிட்டார் பகுதியைக் கவனித்தால், முதலில் வெறும் தந்தியாகவும், பிறகு தந்தியின் மேல் குழாயை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடாகவும், பிறகு ஒலியை வளைக்கும் வா-வா கால்மிதியோடு பேசுவதைப் போலவும், கடைசியில் கார்டுகளாகவும் அது நிறம் மாறிக்கொண்டே போவது தெரியும். கீழே சுற்றும் மூன்று கார்டுகள் மட்டும் மாறவே இல்லை. டிலனின் பதிவில் இவ்வளவு இடம் காலியாக இல்லாதிருந்தால் ஹென்ட்ரிக்ஸுக்கு வீடு கட்ட மனை கிடைத்திருக்காது. டிலனும் 1974இல் மீண்டும் ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்பியபோது தன் பழைய பாணியை விட்டு, ஹென்ட்ரிக்ஸின் வேகத்தோடுதான் அதைப் பாடினார். மூலத்தை எழுதியவரே கவரைப் பின்பற்றிவிட்ட பிறகு உங்கள் அக்கா மகன் யாருக்காக வழக்காடுகிறார்?

இதற்கு நேர்மாறான திசையில் போனது ‘ஹர்ட்’. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர், முப்பது வயதை எட்டுவதற்கு முன்பு எழுதி, 1994இல் வெளியிட்ட பாடல் அது. காதோடு முணுமுணுப்பதைப் போலத் தொடங்கி, இரைச்சலில் போய் விழும். 2002இல் ஜானி கேஷ் எழுபது வயதில், உடல் தளர்ந்த நிலையில், அக்கூஸ்டிக் கிட்டாரும் பியானோவும் துணையிருக்க அதைப் பாடினார். மெட்டும் அதுவே, வரிகளும் ஏறக்குறைய அவையே. மூலத்தில் கெட்ட வார்த்தை ஒன்று வரும் இடத்தில் மட்டும் ‘முள்முடி’ என்று பொருள்படும்படி மாற்றிக்கொண்டார். அந்த ஒரு சொல்லால் பாடல் சிலுவையின் பக்கம் திரும்பிவிடுகிறது. வேலூரில் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் மூன்று மணிநேரம் உட்கார்ந்து வளர்ந்த எனக்கு, அந்தச் சொல் வரும்போது உடம்பு சிலிர்த்தது. இளைஞன் தன்னைத்தானே அழித்துக்கொள்வதைப் பற்றிய பாட்டு, கிழவர் ஒருவர் வாழ்நாள் கணக்கை முடித்துப் பேரேட்டை மூடும் பாட்டாக மாறிவிட்டது. அவர் அடுத்த ஆண்டே இறந்துபோனார். இந்த இரண்டில் எதை முதலில் கேட்டாலும் மற்றொன்று உங்களை அடிக்கத்தான் செய்யும்.

எங்கள் குழு பட்ட அடி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்டர்ப்ட் குழு 2015இல் வெளியிட்ட ‘த சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பாடலை ஒரு கல்லூரி விழாவில் பாடுவது என்று முடிவு செய்தோம். சைமன் அண்ட் கார்ஃபங்கல் இருவரும் குரல் இணைத்து மென்மையாகப் பாடிய பாடலை, டிஸ்டர்ப்டின் டேவிட் டிரெய்மன் தன் குரலின் அடித்தளத்தில் தொடங்கி, பியானோவும் வாத்தியக் குழுவும் மெல்ல மெல்ல ஏற ஏற, பிற்பாதியில் மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோய்க் கத்துகிறார். எங்கள் பாடகன் தொடக்கத்து வரி எடுபடாமல் போய்விடும் என்று பயந்து, நான்கு சுருதி ஏற்றித் தொடங்கிவிட்டான். மூன்றாம் சரணம் வந்தபோது ஏறுவதற்குப் படி இல்லை. தொண்டை கட்டி, நான்காம் சரணத்தை முன்வரிசை மாணவர்கள்தான் பாடி முடித்தார்கள். அந்தக் கவரின் திட்டமே கீழே தொடங்குவதில்தான் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. அதன் பிறகு எந்தக் கவரைக் கேட்டாலும், ‘இவர் எங்கே தொடங்குகிறார், எதைச் சேமித்து வைக்கிறார்’ என்றுதான் காது முதலில் தேடுகிறது.

---

தொரப்பாடி எதிர்க்கட்சி எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டதால் மறுபக்கத்தில் ஒருவராவது நிற்கவேண்டும் என்று எழுதுகிறேன். மேலே சொல்லப்பட்டவை எல்லாம் ஆயிரத்தில் ஒன்றாகத் தேறியவை. மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் யூடியூபில் கேட்டு நொந்தவன் நான். நல்ல வேகமான மெட்டல் பாடலை எடுத்து, பியானோவில் இரண்டு விரலால் தட்டி, தூக்கத்தில் முனகுவதைப் போலப் பாடினால் அது ஆழமாகிவிடும் என்று ஒரு கூட்டம் நம்புகிறது. இன்னொரு கூட்டம், எந்தப் பாடல் கையில் கிடைத்தாலும் அடியில் இரட்டை பேஸ் டிரம்மை ஓடவிட்டு, மேலே டிஸ்டார்ஷனை, அதாவது கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கும் விளைவை, கொட்டிவிடுகிறது.

இந்த இரண்டாம் கூட்டம் நம் திரைப்பாடல்களுக்குச் செய்வதைத்தான் என்னால் தாங்கமுடிவதில்லை. அதற்குக் காரணமும் சொல்கிறேன். டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டாரில் முழுக் கார்டை வாசித்தால் ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். ஆகவே மெட்டல் இசைக்காரர்கள் பெரும்பாலும் ‘பவர் கார்டு’ வாசிக்கிறார்கள். அதில் சட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) மட்டும்தான் உண்டு, காந்தாரம் (க) கிடையாது. கரகரப்பிரியா ராகத்துக்கும் அரிகாம்போதி ராகத்துக்கும் உள்ள வேறுபாடே சாதாரண காந்தாரமா, அந்தர காந்தாரமா என்பதில்தான் இருக்கிறது. அந்தக் காந்தாரத்தைப் பாடகராவது அசைத்துப் பாடினால் பிழைத்துக்கொள்ளலாம். அவரும் சேர்ந்து தட்டையாகக் கத்தினால், ராகத்தின் முகத்தில் மூக்கை அறுத்துவிட்டதைப் போலத்தான் இருக்கும்.

நான் ஒப்புக்கொள்ளும் ஒரு கவர் தொகுப்பு, 1996இல் பின்லாந்தின் அபோகலிப்டிகா குழுவினர் மெட்டாலிகாவின் பாடல்களை வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோ நான்கில் வாசித்து வெளியிட்டது. கிட்டாரில் விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் கட்டைகள் (ஃபிரெட்) செல்லோவில் கிடையாது. வயலினில் நம் வித்துவான்கள் விரலை இழுப்பதைப் போல அதிலும் இழுக்கலாம். குரலே இல்லாமல், வில்லை அழுத்தித் தேய்த்தே கிட்டாரின் உறுமலைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் முறையாகச் செல்லோ பயின்ற மாணவர்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பாட்டின் மேல் உள்ள மோகம் மட்டும் போதாது, கருவியின் மேல் கையும் வேண்டும்.

காட்பாடி ஐயாவின் கேள்விக்கு என் விடை: மூலத்தை முதலில் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் கவர் பிடித்துப்போனால் மூலத்தைத் தேடிப்போகும் கடன் இருக்கிறது. மெட்டாலிகாவின் பாட்டு என்று நினைத்துக்கொண்டு ‘ஆம் ஐ ஈவில்’ கேட்பவர்களில் எத்தனை பேருக்கு 1980இல் அதை வெளியிட்ட டயமண்ட் ஹெட் குழுவின் பெயர் தெரியும்?

---

வாலாஜா வழக்கு எழுதியது:

சுருக்கமாக ஒரு துணைச்செய்தி. கவர் என்ற சொல் நம் நாட்டுச் சட்டத்தில் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் 31சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தால், முன்னறிவிப்புக் கொடுத்து, உரிமைத்தொகையை முன்கூட்டியே செலுத்தி, ஒருவர் தம் கவர் பதிவை வெளியிட அந்தப் பிரிவு வழி செய்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு என்று தொகையைக் கணக்கிடுகிறார்கள். உறையில் இது கவர் என்று எழுதவேண்டும். முதலில் பாடியவரின் பெயரையோ படத்தையோ போட்டு வாங்குபவரை ஏமாற்றக்கூடாது.

இந்தத் தலைப்புக்குத் தேவையான நிபந்தனை இனிமேல்தான் வருகிறது. பதிவுக்குத் தொழில்நுட்ப முறையில் அவசியமானதைத் தவிர, பாட்டின் சொல்லிலோ இசையிலோ உரிமையாளர் இசையாத எந்த மாற்றத்தையும் செய்யக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. ரசிகன் எந்த மாற்றத்துக்காகக் கவரைத் தேடிப்போகிறானோ, அதைச் சட்டம் வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. ‘முள்முடி’ போன்ற ஒரு சொல் மாற்றத்துக்குக்கூட இங்கே உரிமையாளரிடம் தனியாகக் கேட்டு இசைவு வாங்கவேண்டியிருக்கும்.

---

காட்பாடி ரயிலடி எழுதியது:

விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சத்துவாச்சாரித் தம்பி சொன்னபடி செய்துபார்த்தேன். சென்னைக்கு ஒரு வேலையாக ஏலகிரி விரைவு வண்டியில் போனபோது, வாலாஜா ரோடு தாண்டியதும் காதில் மாட்டிக்கொண்டு, டிலனின் ‘வாட்ச்டவர்’ பாடலைத் தொடர்ந்து நான்கு முறை கேட்டேன்.

முதல் முறை பழைய ஏமாற்றம்தான். இரண்டாம் முறை, இதை ஹென்ட்ரிக்ஸின் பாடலுக்கு டிலன் செய்த கவர் என்று வைத்துக்கொண்டு கேட்டால் என்ன என்று தோன்றியது. ஆண்டுக் கணக்குப்படி அது தப்புத்தான். என் காதின் கணக்குப்படி அதுவே உண்மை. அப்படிக் கேட்டபோது, ஹென்ட்ரிக்ஸின் கிட்டார் வந்து நிற்கும் என்று நான் காத்திருந்த இடங்களில் எல்லாம் ஹார்மோனிகா மெலிதாக வந்துவிட்டுப் போனது. காவல் கோபுரமும் தூரத்தில் வரும் இரண்டு குதிரைக்காரர்களும் வரும் கடைசி வரிகளுக்குப் பிறகு, ஹென்ட்ரிக்ஸ் புயலையே கிளப்பிவிடுவார். டிலன் எதையும் கிளப்பாமல் ஹார்மோனிகாவை ஊதிக்கொண்டே மறைந்துவிடுகிறார். குதிரைகள் வந்து சேர்ந்தனவா இல்லையா என்று சொல்லாமல் விட்ட அந்த முடிவு, வண்டி அரக்கோணத்தில் நின்றபோது எனக்குப் புயலைவிட அச்சமாக இருந்தது. இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விட்டார் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மூலத்தை முதலில் கேட்டிருந்தால் இந்த அச்சம் எனக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

தொரப்பாடி நண்பர் சொன்ன கடனையும் அடைத்துவருகிறேன். டயமண்ட் ஹெட்டின் ‘ஆம் ஐ ஈவில்’ கேட்டாயிற்று. மெட்டாலிகாவின் பதிவில் உள்ள இறுக்கம் இதில் இல்லை; ஆனால் பாடகரின் குரலில் ஒரு நாடகத்தனம் இருக்கிறது, கூத்தில் ராஜ வேஷக்காரர் திரையை விலக்கிக்கொண்டு வருவதைப் போல. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆரணிக்காரர் எழுதிய ‘விஸ்கி இன் த ஜார்’ பத்தியை அக்கா மகனுக்குப் படித்துக்காட்டினேன். தின் லிஸியுடையதுதான் மூலம் என்று அதுநாள்வரை அவன் நினைத்துக்கொண்டிருந்தானாம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் டப்ளினர்ஸ் பதிவின் இணைப்பை எனக்கு அனுப்பி, “மாமா, இவர்களுக்கு முன்னால் பாடியவர்கள் யாராவது கிடைப்பார்களா?” என்று கேட்டிருக்கிறான். இங்கே யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.